பழைய விண்டோஸ் விளையாட்டுகளும் லினக்ஸ் திரையில் தோன்றும் படச்சிதைவும்

1999-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பகுதியின் குறுந்தகட்டைப் பிற்காலத்துக் கணிப்பொறியொன்றில் இட்டு இயக்கியவர்களுள் பலர் விந்தையான காட்சியொன்றைக் காண நேர்ந்தது. புல்வெளி ஊதா நிறமாகவும் நீர்நிலை செந்நிறமாகவும் தோன்றின. மரங்களின் உருவிலோ, மாந்தரின் நடையிலோ, கட்டடங்களின் விளிம்பிலோ பிழை ஏதும் இல்லை. நிறம் ஒன்றே பிறழ்ந்திருந்தது. விண்டோஸ் 7 இயங்குமுறையிலேயே இக்குறை பரவலாகக் காணப்பட்டது. லினக்ஸ் கணிப்பொறிகளில் 'வைன்' என்னும் மென்பொருளின் துணைகொண்டு இத்தகைய விளையாட்டுகளை இயக்குங்கால் இதே குறியும் இதனின் வேறான பல குறிகளும் தோன்றுவதுண்டு. படம் சாய்ந்து பட்டைபட்டையாகப் பிரிதல், சுட்டி சென்ற வழியெல்லாம் கறை படிதல், முப்பரிமாண உருவங்களின் மூலைகள் திரையின் கோடிவரை இழுபட்டு நிற்றல் ஆகியன அவற்றுட் சில.

இது பொழுதுபோக்கினரை மட்டும் சார்ந்த செய்தி எனக் கருதுதல் பொருந்தாது. கேரள மாநிலத்துப் பள்ளிகளில் லினக்ஸ் அடிப்படையிலான இயங்குமுறையே பயிற்றப்பட்டு வருகிறது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இயங்குமுறையும் லினக்ஸைச் சார்ந்ததே. ஆனால் பள்ளி அலமாரிகளில் உறங்கும் கல்விக் குறுந்தகடுகளோ, 1990-களின் பிற்பகுதியில் விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியவற்றுக்கென எழுதப்பட்டவை. அவற்றுட் பலவற்றைத் தயாரித்தோர் இன்று தொழிலில் இல்லை. திருத்திய பதிப்பு வரும் என எதிர்பார்ப்பதற்கில்லை. நிலப்படத்தைக் காட்டிப் பாடம் நடத்தும் ஆசிரியர், கடலும் நிலமும் நிறம் மாறித் தோன்றும் திரையை வைத்துக்கொண்டு மாணவரிடம் எதனைச் சுட்டிக்காட்ட இயலும்? சிதைவுக்குக் காரணம் அறியாத நிலையில், நல்ல கிராபிக்ஸ் கார்டு பழுதெனக் கழிக்கப்படுவதும், நல்ல மானிட்டர் மாற்றப்படுவதும், ஒரு குறையுமற்ற இயங்குமுறை அழிக்கப்பட்டு மீண்டும் நிறுவப்படுவதும் நிகழ்கின்றன. எனவே காரணத்தைப் பிரித்தறியும் முறையே இக்கட்டுரையில் முதன்மையாக விளக்கப்படுகிறது.

படம் கடந்து வரும் வழி

வைன் என்பது 1993-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கூட்டுமுயற்சியாகும். 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் என்பவர் அதனை நடத்தி வருகின்றார். அதன் 1.0 பதிப்பு 2008-ஆம் ஆண்டு ஜூன் திங்களில்தான் வெளிவந்தது. பதினைந்து ஆண்டு உழைப்பு என்பதே பணியின் கடுமையைக் காட்டும். வைன் மற்றொரு கணிப்பொறியைப் போல் நடிப்பதில்லை. விளையாட்டின் கட்டளைகள் செயலியில் நேராகவே இயங்குகின்றன. விளையாட்டு விண்டோஸிடம் ஓர் உதவியைக் கோருமிடத்து மட்டும், விண்டோஸின் நூலகத்துக்குப் பதிலாக வைன் தானே எழுதி வைத்துள்ள நூலகம் விடையளிக்கிறது.

வரைதல் தொடர்பான உதவிகளைப் பழைய விளையாட்டுகள் மூன்று வாயில்களில் கேட்கும். முதலாவது, சாளரங்களையும் எழுத்துகளையும் வரையும் பொதுமுறையான 'ஜிடிஐ'. இரண்டாவது, 1995-இல் டைரக்ட்எக்ஸ் தொகுதியுடன் வந்த 'டைரக்ட்டிரா'. இது தட்டையான படங்களை விரைந்து திரைக்கு ஏற்றுவது. மூன்றாவது, முப்பரிமாணப் படங்களுக்கான 'டைரக்ட்3டி'. வைன் பின்னிரண்டையும் பெரும்பாலும் 'ஓபன்ஜிஎல்' என்னும் வரைமொழிக்கு மாற்றித் தருகிறது. அதனை மேசா போன்றதொரு டிரைவர் தொகுதி ஏற்று, கிராபிக்ஸ் கார்டு அறியும் கட்டளையாக ஆக்குகிறது. முடிந்த படத்தைத் திரைமேலாளர் எனத்தக்க எக்ஸ் அல்லது வேலண்ட் அமைப்பு வாங்கி மானிட்டருக்கு அனுப்புகிறது. ஆக ஒரு படம் நான்கைந்து கைகள் மாறியே கண்ணுக்கு வந்து சேருகிறது. சிதைவு எந்தக் கையில் நேர்ந்தது என்பதே வினா.

வண்ணத்தட்டின் வரலாறு

முதலிற் கூறிய ஊதாப் புல்வெளியின் காரணத்தை விரிவாக அறிதல் நலம். ஏனெனில் பழைய விளையாட்டுகளின் நிறப்பிழைகளுட் பெரும்பகுதி இதிலிருந்தே பிறக்கிறது.

நெசவாளர் ஒருவர் கட்டத்தாளில் பூவேலைப்பாடு ஒன்றை வரைகையில், ஒவ்வொரு கட்டத்திலும் நிறத்தைத் தீட்டாமல் ஓர் எண்ணை மட்டும் எழுதி, எந்த எண்ணுக்கு எந்த நிற நூல் என்பதைத் தனிச் சீட்டில் குறித்து வைக்கிறார் எனக் கொள்வோம். சீட்டு மாறிப்போயின் என்ன நிகழும்? பூவின் வடிவம் அணுவளவும் மாறாது. நிறம் மட்டும் முற்றிலும் வேறாகும். 256 நிற விளையாட்டுகளின் நிலை இதுவே. 640-க்கு 480 என்ற திரையில் 3,07,200 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் 8 பிட், அதாவது ஒரு பைட் மட்டுமே ஒதுக்கப்பட்டது. ஆதலின் முழுத்திரையும் 3,07,200 பைட்டுகளில் அடங்கிற்று. அந்தப் பைட்டில் இருப்பது நிறமன்று. 0 முதல் 255 வரையிலான ஓர் எண். அவ்வெண்ணுக்குரிய நிறம் 'வண்ணத்தட்டு' எனப்படும் பட்டியலில் உள்ளது. நினைவகம் விலையேறியிருந்த காலத்துக்கு இது மிகச் சிக்கனமான ஏற்பாடு.

சிக்கனத்தோடு ஒரு வித்தையும் இதிற் கிடைத்தது. 1998-இல் வெளிவந்த 'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டில் நீர் அசைவது போலத் தோன்றுவதற்குப் படத்தை மீண்டும் மீண்டும் வரைவதில்லை; வண்ணத்தட்டில் சில நிறங்களை வட்டமாகச் சுழற்றுகின்றனர். புள்ளிகள் அசையாதிருக்க, அவற்றின் நிறம் மாறிக்கொண்டே செல்லும். கண்ணுக்கு அலை ஓடுவதாகத் தோன்றும். திரை மெல்ல இருளில் மறைவதும் பல விளையாட்டுகளில் இவ்வாறு தட்டை மாற்றியே செய்யப்பட்டது.

256 நிறத் திரையில் விண்டோஸ் தனக்கென 20 நிறங்களை ஒதுக்கிக்கொண்டு எஞ்சிய 236 இடங்களை முன்னிற்கும் நிரலுக்கு விட்டுக்கொடுக்கும். முழுத்திரை விளையாட்டு இடையிடையே தட்டு முழுவதையும் தன் வசப்படுத்தும். அவ்வேளையில் வேறொரு நிரல் குறுக்கிட்டுத் தன் நிறங்களைத் தட்டில் எழுதிவிடின், விளையாட்டின் எண்கள் அயலாரின் நிறங்களைச் சுட்டும். விண்டோஸ் 7-இல் நிகழ்ந்தது இதுவே. மேசைத்திரையைக் காட்டும் எக்ஸ்புளோரர் நிரலை நிறுத்திவிட்டு விளையாடுதல் அங்கே கைகண்ட பரிகாரமாயிற்று. இப்பரிகாரத்தை லினக்ஸில் தேடி அலைதல் வீண். வைனில் காரணம் வேறு.

இன்றைய லினக்ஸ் திரை ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் நிறத்தை நேராகவே ஏற்பது. 1,67,77,216 நிறங்களைக் காட்ட வல்லது. வண்ணத்தட்டு என்பதே அதற்கு இல்லை. எனவே வைன், விளையாட்டு எழுதிய எண்களைத் தட்டின்வழியே நிறங்களாகப் பெயர்த்து வேறோர் இடத்தில் எழுதவேண்டும். தட்டு மாறும்பொழுதெல்லாம் படத்தில் ஒரு புள்ளியும் மாறாவிடினும் பெயர்ப்பை மீண்டும் செய்தாக வேண்டும். இவ்வேலை ஒருகால் தவறின், நீர் அசையாது நிற்கும்; அன்றி, முந்தைய காட்சியின் தட்டோடு புதிய காட்சி தோன்றும். மேலும், விளையாட்டு தன் முதன்மைப் படத்தை டைரக்ட்டிரா வழியாகவும், பட்டியலையும் எழுத்தையும் ஜிடிஐ வழியாகவும் வரையுமாயின் இரண்டும் வெவ்வேறு பரப்புகளில் விழுந்து ஒன்றையொன்று மறைக்கும். பழைய விண்டோஸில் இரண்டும் ஒரே நினைவகப் பரப்பாக இருந்தமையால் இம்முரண் எழவில்லை. எழுத்து மறைதல், பட்டியல் மூடிய பின்னும் அதன் நிழல் நிற்றல், சுட்டியின் கறை ஆகியவற்றைக் கண்டால் இவ்விணைப்புக் குறையை ஐயுறலாம்.

இதற்கெனச் செய்யத்தக்கவை மூன்று. வைனின் அமைப்புச் சாளரத்தில் 'கிராபிக்ஸ்' பிரிவில் மாயமேசைத்திரை ஒன்றை விளையாட்டின் அளவிலேயே அமைக்கலாம். மானிட்டரின் அளவை மாற்ற விளையாட்டு முயல்வதால் நேரும் கோளாறுகள் பலவும் இதனால் நீங்கும். முதலில் செய்து பார்க்கத்தக்கது இதுவே. அடுத்து, வைனின் பதிவேட்டில் டைரக்ட்3டி பகுதியில் 'ரெண்டரர்' என்னும் பெயருக்கு 'ஜிடிஐ' என்ற மதிப்பைத் தரலாம். பழைய வைன் பதிப்புகளில் இப்பெயர் சற்று வேறாக இருந்தது. இம்மாற்றத்தால் தட்டையான படங்கள் ஓபன்ஜிஎல் வழியாகச் செல்லாமல் செயலியினாலேயே வரையப்படும். ஜிடிஐ எழுத்தும் விளையாட்டுப் படமும் ஓரிடத்திற் சேரும் வாய்ப்பு மிகும். முப்பரிமாண விளையாட்டுக்கு இது ஆகாது.

மூன்றாவது வழி, டைரக்ட்டிரா நூலகத்துக்கே மாற்று நூலகம் ஒன்றை விளையாட்டின் கோப்புறையில் வைத்தல். 'சிஎன்சி-டிடிரா' என்பது இவ்வகையில் மூலநிரல் வெளிப்படையாக உள்ள ஒன்று. 'கமாண்ட் அண்ட் கான்கர்' விளையாட்டை முன்னிட்டு எழுந்து, பின்னர் வேறு பலவற்றுக்கும் விரிந்தது. கோப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு "பயனில்லை" எனக் கைவிடுவோர் பலர். வைன் தன் சொந்த நூலகத்தையே எடுத்துக்கொண்டிருக்கும். அமைப்புச் சாளரத்தின் நூலகப் பிரிவில் அந்நூலகத்துக்கு 'வெளியிலுள்ளது முதலில்' என்ற விதியைக் குறித்தால்தான் புதிய கோப்பு வேலை செய்யும். யார் எழுதியதென்று தெரியாத நூலகக் கோப்புகளை இவ்வாறு பள்ளிக் கணிப்பொறியில் வைத்தல் கூடாது. வைனில் இயங்கும் நிரல், பயனாளியின் கோப்புகள் அனைத்தையும் தொடவல்லது.

சாய்ந்த படமும் பச்சை படிந்த படமும்

நிறம் சரியாக இருந்தும் படம் மூலைவாட்டமாகச் சரிந்து பட்டைபட்டையாகத் தோன்றின், வரிநீளக் கணக்கில் பிழை எனக் கொள்ளலாம். 800 புள்ளி அகலமும் 16 பிட் நிறமும் உடைய திரையில் ஒரு வரிக்கு 1,600 பைட்டுகள் தேவை. ஆனால் டிரைவர் நிரல் வசதி கருதி வரியை 128-இன் மடங்காக, 1,664 பைட்டுகளாக, ஒதுக்கியிருக்கலாம். உண்மை நீளத்தைக் கேட்டறிந்து எழுதவேண்டியது விளையாட்டின் கடமை. கேளாமல் 1,600 என்றே எண்ணி எழுதிச்சென்றால், ஒவ்வொரு வரியும் முந்தியதைவிட 64 பைட்டுகள், அதாவது 32 புள்ளிகள் நகர்ந்து விழும். 25 வரிகளில் ஒரு முழு அகலமே சுழன்றுவிடும். குற்றம் விளையாட்டினுடையது, எனினும் அது பிறந்த நாளில் கிராபிக்ஸ் கார்டுகள் 1,600-ஐயே தந்திருந்தால் ஆக்கியோர் அதனை அறிந்திருக்க வழியில்லை. அளவை 640-க்கு 480 என மாற்றிப் பார்த்தால் சில வேளைகளில் சரிவு மறையும். மறைந்தால் காரணம் உறுதியாகிறது.

16 பிட் நிறத்திலும் இருவகை உண்டு. சிவப்பு, பச்சை, நீலத்துக்கு முறையே 5, 6, 5 பிட் வைப்பது ஒன்று. 5, 5, 5 எனச் சமமாக வைப்பது மற்றொன்று. இரண்டாம் வகையில் எழுதியதை முதல் வகையாகப் படிப்பின் சிவப்பு பாதியாகக் குன்றும், பச்சை தாறுமாறாகும். படம் மங்கிப் பச்சை படிந்தது போலத் தோன்றுவதற்கு இது காரணமாகலாம்.

சோதிக்கும் முறை

களத்தில் பணியாற்றும் ஊழியர் கருவியேதும் இன்றிச் செய்யத்தக்க முதற்சோதனை, சிதைவு கண்ணுக்குத் தெரியும்பொழுதே திரையைப் படமெடுத்துக் கோப்பாகச் சேமித்தல். அக்கோப்பை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்க்கவேண்டும். அங்கே படம் தூய்மையாக இருப்பின் விளையாட்டும் வைனும் தம் வேலையைச் செவ்வனே செய்துள்ளன; குறை அதற்குப்பின் உள்ள இணைப்புக் கம்பியிலோ மானிட்டரிலோ திரைக்கு அனுப்பும் பகுதியிலோ உள்ளது. கோப்பிலும் சிதைவு இருப்பின் மானிட்டரைத் தொடவேண்டியதில்லை.

அடுத்து, லினக்ஸுக்கே உரிய முப்பரிமாண நிரல் ஒன்றை ஓட்டிப் பார்க்கவேண்டும். அதுவும் சிதைந்தால் வைனைக் குறை கூறுவதற்கு இடமில்லை. அது நன்றாக ஓடின், டிரைவர் நிரலை விலக்கிச் சோதிக்கும் கட்டம் வருகிறது. மேசா தொகுதியில் கிராபிக்ஸ் கார்டின் உதவியின்றிச் செயலியே படத்தை வரையும் வழியும் உண்டு. 'லிப்ஜிஎல் ஆல்வேஸ் சாப்ட்வேர்' என்னும் சூழல்மாறிக்கு 1 என மதிப்பளித்து விளையாட்டைத் தொடங்கினால் அவ்வழி மேற்கொள்ளப்படும். ஓட்டம் மெதுவாயிருக்கும், பழைய விளையாட்டின் சிறிய திரைக்கு அது பொறுக்கத்தக்கதே. இப்பொழுது படம் சரியாக வந்தால் ஐயம் டிரைவர் நிரலின் மேல் அல்லது கார்டின் மேல் விழுகிறது. முன்போலவே சிதைந்து வந்தால் குறை விளையாட்டிலோ வைனிலோ உள்ளது எனல் பெரும்பாலும் பொருந்தும். மேசாவைப் பயன்படுத்தாத தனியுரிமை டிரைவர் உள்ள கணிப்பொறிகளில் இச்சோதனை நடவாது.

ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்து குறிப்பேட்டில் எழுதிவருதல் வேண்டும். மாயமேசைத்திரை, ரெண்டரர், மாற்று நூலகம் மூன்றையும் ஒருங்கே மாற்றிப் படம் சரியானால், எதனால் சரியாயிற்று என்பது ஒருநாளும் விளங்காது. மாற்றங்களைத் தொடங்குமுன், வைன் தன் கோப்புகளை வைத்திருக்கும் அடைவை முழுவதும் படியெடுத்து வைப்பது இன்றியமையாதது. வீட்டு அடைவினுள் புள்ளியில் தொடங்கும் பெயருடன் அது மறைந்திருக்கும். விளையாட்டின் சேமிப்புகளும் மாணவரின் முன்னேற்றக் குறிப்புகளும் பெரும்பாலும் அதனுள்ளேயே உள்ளன. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி அடைவு அமைத்தல் இன்னும் சிறந்தது. ஒன்றுக்குச் செய்த பரிகாரம் மற்றொன்றுக்கு நோயாகாது.

முனையச் சாளரத்தில் வைனைத் தொடங்கினால் 'பிக்ஸ்மீ' எனத் தொடங்கும் வரிகள் நூற்றுக்கணக்கில் ஓடும். புதியவர் இவற்றைக் கண்டு அஞ்சுவர். அவை வைனை ஆக்குவோர் தமக்குத்தாமே எழுதிவைத்த நினைவுக்குறிப்புகள். விளையாட்டு நன்றாக ஓடும்பொழுதும் அவை தோன்றும். 'எர்' எனத் தொடங்கும் வரிகளையே முதலிற் படிக்கவேண்டும். ஓபன்ஜிஎல் கிடைக்கவில்லை என்ற செய்தி அங்கிருப்பின் பெரும்பாலும் 32 பிட் டிரைவர் நூலகங்கள் நிறுவப்படவில்லை என்று பொருள். பழைய விளையாட்டுகள் 32 பிட் நிரல்கள். இயங்குமுறையோ 64 பிட். இரண்டுக்கும் தனித்தனி நூலகம் வேண்டும். 2024 ஜனவரியில் வந்த வைன் 9.0-இல், 64 பிட் நூலகங்களைக் கொண்டே 32 பிட் நிரல்களை இயக்கும் புதுமுறை சோதனைக்குக் கிடைத்தது.

முப்பரிமாண விளையாட்டுகள்

இவற்றைப் பற்றி இன்று பரவலாக உள்ள தவறான எண்ணம் ஒன்றை நீக்குதல் வேண்டும். டைரக்ட்3டி கட்டளைகளை 'வல்கன்' என்னும் புதிய வரைமொழிக்கு மாற்றும் 'டிஎக்ஸ்விகே' என்னும் நூலகம், 2018-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'புரோட்டான்' தொகுப்பில் இடம்பெற்றதிலிருந்து புகழடைந்தது. புதிய விளையாட்டுகளுக்கு அது அருமருந்தே. ஆனால் அது ஏற்பது டைரக்ட்3டி 8 முதல் 11 வரை. அவற்றுள் 8-க்கான பகுதி 2024-இல்தான் சேர்ந்தது. டைரக்ட்டிராவும், டைரக்ட்3டி 7-உம் அதற்கு முந்தியவும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. 256 நிற விளையாட்டின் நோய்க்கு அதனை நிறுவுவது, பல்வலிக்குக் கண்மருந்து இடுவதற்கு ஒப்பாகும். மேலும் 2022-இல் வந்த அதன் 2.0 பதிப்பு வல்கன் 1.3-ஐ வேண்டுவதால், பள்ளிகளில் உள்ள பழைய கார்டுகள் பல அதற்குத் தகுதியுடையன அல்ல.

ஓபன்ஜிஎல்லை நேராகவே கையாண்ட பழைய விளையாட்டுகள் சிலவற்றில் மற்றொரு வகைக் கோளாறு உண்டு. கார்டு அறிந்த நீட்சிகளின் பெயர்களையெல்லாம் ஒரே வரியாக டிரைவர் நிரல் தரும். 1990-களின் இறுதியில் அவ்வரி சிறிது; ஆக்கியோர் சிலர் குறிப்பிட்ட அளவுள்ள பெட்டியில் அதனைப் படியெடுத்துக்கொண்டனர். ஆண்டுதோறும் நீட்சிகள் பெருகிப் பெருகி வரி பன்மடங்கு நீண்டுவிட்டது. பெட்டி நிரம்பி வழியும். வழிந்தது அடுத்துள்ள நினைவகத்தை அழிக்கும். விளையாட்டு நின்றுவிடும் அல்லது படம் குலையும். கார்டு புதிதாகப் புதிதாகக் கோளாறு மிகுவது இதன் வியப்பு. மேசாவை ஆக்கியோர் இதற்கென்றே ஒரு சூழல்மாறி வைத்துள்ளனர். அதற்கு 2003 என மதிப்பளித்தால், அவ்வாண்டுக்குப் பிற்பட்ட நீட்சிகளின் பெயர்கள் வரியில் இடம்பெறா. விளையாட்டும் தான் பிறந்த காலத்துக் கார்டு என நம்பி ஓடும்.

முன்பு நன்றாக ஓடிய விளையாட்டு, வைனைப் புதுப்பித்தபின் சிதையுமாயின், அது வைனை ஆக்குவோருக்கு அறிவிக்கத்தக்க குறையாகும். சரியாக ஓடிய கடைசிப் பதிப்பின் எண், சிதைந்த முதற்பதிப்பின் எண், டிரைவர் நிரலின் பதிப்பு, திரைப்படக் கோப்பு, முனையச் செய்திகள் ஆகிய இவை இருந்தால் அறிவிப்பு பயனுடையதாகும். இரு பதிப்புகளுக்கிடையே ஆயிரம் மாற்றங்கள் இருப்பினும் அஞ்சவேண்டியதில்லை. நடுவிலுள்ளதைச் சோதித்துப் பாதியைத் தள்ளி, எஞ்சியதில் மீண்டும் நடுவைச் சோதித்து வந்தால், பத்துச் சோதனைகளில் குற்றமுள்ள ஒரு மாற்றம் தனித்து நின்றுவிடும்.